கொட்டேஷனில் இல்லாத வரி

விமர்சனம் செய்யச் சொல்லிக் கவிதைத் தொகுப்பு வரும், நாவல் வரும், பென் டிரைவில் குறும்படம் வரும். போன மாதம் முதல் தடவையாக ஒரு கொட்டேஷன் வந்தது.

கொண்டுவந்தவர் எங்கள் பேட்டையில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் வைத்திருப்பவர். அரிசியிலிருந்து ஹேர்பின் வரை விற்கிற கடை. ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். பின்னால் ஒரு சின்ன கோடவுன். கொஞ்ச நாளாகச் சரக்கு குறைகிறதாம். ஷாம்பூ, சாக்லேட், பால் பவுடர் டப்பா.

‘‘எட்டு கேமரா போடப் போறேன் சார். மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். கம்மியா இருக்கறது இதுதான். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. நீங்கதான் எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பீங்களே!’’ என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரே பக்கம். 2 எம்.பி. கேமரா எட்டு. எட்டு சேனல் டி.வி.ஆர். ஒன்று. 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று. கேபிள், கனெக்டர், பவர் சப்ளை, லேபர். கடைசியில் தடித்த எழுத்தில் ‘மொபைல் வியூ இலவசம்’. அதற்குக் கீழே கையெழுத்து, போன் நம்பர்.

இரண்டு தடவை படித்தேன். சில சிறுகதைகளில் எல்லாம் இருக்கும், கதை மட்டும் இருக்காது. இதுவும் அந்த ஜாதி. என்னென்ன வாங்குகிறோம் என்று இருக்கிறது. எதைப் பார்ப்பதற்கு என்று ஒரு வரிகூட இல்லை. எட்டு கேமரா ஏன், ஏன் ஏழு இல்லை என்று கேட்டேன். ‘‘பாக்ஸ்ல எட்டு ஓட்டை இருக்கு சார்’’ என்றார். நேர்மையான பதில். நம் ஊரில் பாதிக் கேமராக்கள் இந்தக் காரணத்தால்தான் சுவரில் தொங்குகின்றன.

நாளை நீங்களும் கடை, ஆபீஸ், கிளினிக், பட்டறை என்று ஏதாவது ஒன்றுக்கு இதே காகிதத்தைக் கையில் வாங்கலாம். அதனால் வரிவரியாகப் பார்த்துவிடுவோம்.

*

முதல் வரி, 2 எம்.பி. கேமரா. அதாவது படத்தின் அகலம் 1920 பிக்ஸல், உயரம் 1080. நல்ல படம்தான். ஆனால் எத்தனை அகலமான காட்சியை அந்த 1920 பிக்ஸலுக்குள் அடைக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஐ.இ.சி. 62676-4 என்று ஒரு சர்வதேசத் தரக்குறிப்பு உண்டு. 2014-ல் வந்த அந்தக் குறிப்பின்படி, முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்ஸல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த முகம்தான் என்று கண்டுகொள்ள 125 போதும். யாரோ ஒருவர் நடமாடுகிறார் என்று மட்டும் தெரிய 25.

கணக்கு சுலபம். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொட்டேஷன்காரர் எட்டு கேமராவுக்கும் 2.8 எம்.எம். லென்ஸ் போடுவதாகப் போனில் சொன்னார். அது அகலக்கண். சுமார் 100 டிகிரி பார்க்கும். கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போவதற்குள் காட்சியின் அகலம் ஏழு மீட்டரைத் தொட்டுவிடும். ஆக, பத்தடிக்குள் வந்தால் முகம். அதற்கு மேல் போனால் யாரோ ஒரு சட்டை. நாற்பதடி நீளக் கடையில் மூலைக்கு ஒன்றாக இதை மாட்டினால் என்ன ஆகும்? கடை முழுக்கத் தெரியும். திருடன் மட்டும் தெரியமாட்டான்.

தூரத்து முகம் வேண்டுமென்றால் 6 எம்.எம். லென்ஸ் கேளுங்கள். பார்வை ஏறக்குறையப் பாதியாகக் குறுகும், முகம் தெரியும் தூரம் ஏழு மீட்டருக்குப் போகும். அகலமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் இரண்டு கேமரா. ஒரே கேமராவில் இரண்டும் கிடைக்கும் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இரண்டாவது வரி, டி.வி.ஆர். அதன் மாடலைத் தேடிப் பார்த்தேன். பதிவுத் திறன் ‘1080-என்’ என்று இருந்தது. சிலர் ‘1080 லைட்’ என்றும் போடுவார்கள். அந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள். படத்தின் அகலத்தைப் பாதியாக்கித்தான் டிஸ்க்கில் எழுதும் என்று அர்த்தம். 1920 பிக்ஸல் 960 ஆகிவிடும். கேமரா 2 எம்.பி. என்பது பொய்யில்லை, ஆனால் பதிவாகிறது 1 எம்.பி. மேலே சொன்ன பத்தடி இப்போது ஐந்தடி. ஐந்தடியில் திருடனைப் பார்க்கக் கேமரா எதற்கு, கையையே பிடித்துவிடலாமே!

‘‘லைவ்ல சூப்பரா தெரியும்னு டெமோ காட்டினாரே சார்?’’ என்றார் நண்பர். லைவ் சூப்பராகத்தான் தெரியும். யாரும் லைவில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. டெமோ கேட்கும்போது நேற்று ராத்திரி பத்து மணிக் காட்சியைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற படம்.

மூன்றாவது வரி, 1 டி.பி. டிஸ்க். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதுகிறது என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. எட்டு கேமராவுக்கு 173 ஜி.பி. ஆறாவது நாள் முடிவதற்குள் டிஸ்க் நிரம்பி, முதல் நாள் அழிய ஆரம்பித்துவிடும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய் என்று செட் பண்ணினால் இன்னும் சில நாள் கூடும்.

‘‘நீங்க ஸ்டாக் எப்ப எண்ணுவீங்க?’’

‘‘மாசக் கடைசியில சார்.’’

ஐந்தாம் தேதி போன டப்பா, முப்பதாம் தேதி எண்ணும்போது தெரியவரும். அதற்குள் அந்தக் காட்சி அழிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். முப்பது நாள் வைத்திருக்க ஐந்து டி.பி.க்கு மேல் வேண்டும்; 6 டி.பி. டிஸ்க் போடலாம். இல்லையென்றால் வாரம் ஒரு தடவை ஸ்டாக் எண்ணலாம். அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். இந்த யோசனையை எந்தக் கொட்டேஷனிலும் எழுதமாட்டார்கள், அதில் மார்ஜின் இல்லை. அதோடு, இரவு பகலாக எழுதுவதற்கென்றே தயாரிக்கிற சர்வெய்லன்ஸ் டிஸ்க் தனியாக உண்டு. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் போட்டுத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

நாலாவது வரி, கேபிள். தாமிரமா, தாமிர முலாம் பூசிய அலுமினியமா? கொட்டேஷனில் வெறுமனே ‘கேபிள்’. விலை குறைந்ததன் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தைக்குள் சுருண்டு கிடக்கும். அடுத்த மழைக்காலத்தில் படம் அலையடிக்க ஆரம்பிக்கும்.

*

இனி, கொட்டேஷனில் இல்லாதவை.

எந்த உயரம்? பெரும்பாலும் கூரையை ஒட்டி மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், யார் கையும் எட்டாது என்று. அங்கிருந்து முகம் தெரியாது. கிடைப்பது எங்கள் பேட்டை வழுக்கைத் தலைகள் பற்றிய ஓர் ஆவணப்படம். வெளியே போகிறவரின் முகத்தை நேராகப் பிடிக்க ஒரு கேமராவாவது ஏழடி, ஏழரை அடியில் இருக்கவேண்டும். வாசலைப் பார்க்கும் கேமராவுக்கு டபிள்யூ.டி.ஆர். வசதி வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் பதினோரு மணி வெயிலில், உள்ளே வருபவர் எல்லோரும் கறுப்பு நிழல்தான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இன்ஃப்ராரெட் கேமராவை வைத்தால், ராத்திரியில் அதன் வெளிச்சமே கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து கண்ணைக் கட்டும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை கட்டினாலும் இதே கதி. மாதம் ஒரு தடவை ஒட்டடைக்குச்சி வேண்டும். இதற்குப் பெயர் ஏ.எம்.சி.!

டி.வி.ஆர். எங்கே? கல்லாவுக்கு அடியில் என்று திட்டம். பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும், விவரமான திருடன் போகிறபோது அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறான். கோடவுன் பரண், பூட்டிய இரும்பு அலமாரி என்று கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். சின்ன யு.பி.எஸ். ஒன்றும் போடுங்கள். கரன்ட் போகிற நேரம் திருடனுக்கும் தெரியும்.

கடிகாரம் சரியா? சாதாரண விஷயமாகத் தெரியும். இருபது நிமிஷம் தப்பாக ஓடுகிற டி.வி.ஆர். காட்டும் காட்சியைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிஷத்தில் கிழித்துவிடுவார். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி இந்த மாதிரி மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் இணைக்கவேண்டும். ஃபைலின் ஹாஷ் மதிப்பு, அதாவது அதன் கைரேகை மாதிரி ஓர் எண், அதில் குறிப்பிடப்பட வேண்டும். டி.வி. திரையை செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ‘எவிடென்ஸ் இருக்கு’ என்று தெம்பாக இருக்காதீர்கள்.

பாஸ்வேர்டு யாரிடம்? இதுதான் பெரிய கேள்வி. ‘மொபைல் வியூ இலவசம்’ என்ற கடைசி வரியை மறுபடி படியுங்கள். உங்கள் கடையை எங்கிருந்தும் உங்களால் பார்க்கமுடியும் என்றால், பாஸ்வேர்டு தெரிந்த எவரும் எங்கிருந்தும் பார்க்கமுடியும். மாட்டிக் கொடுத்தவர் எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பார். 2016-ல் ‘மிராய்’ என்கிற வைரஸ், ஃபேக்டரியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் தேடித்தேடிப் பிடித்து ஒரு படை திரட்டியது. அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள் கொண்ட ஒரு பட்டியல்தான் அதன் ஆயுதம். அந்த அக்டோபரில் ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின.

அது அமெரிக்கா. 2025 பிப்ரவரியில் நடந்தது குஜராத்தில். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பெண்களைப் பரிசோதிக்கும் சி.சி.டி.வி. காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் விலைபேசி விற்கப்பட்டது தெரியவந்து, போலீஸ் பலரைக் கைது செய்தது. திருடியவர்கள் ஆஸ்பத்திரிக்குள் காலடியே வைக்கவில்லை. வைரஸும் ஹேக்கரும் ஒரு பக்கம் இருக்கட்டும். பரிசோதனை அறையில் கேமரா மாட்டலாம் என்று முடிவெடுத்தது யார்? ஏதோ ஒரு கொட்டேஷனில் ‘கேமரா - 8’ என்று இருந்திருக்கும். ஏழு இடம் கிடைத்து, எட்டாவதுக்கு இடம் தேடியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. இல்லாத கேமராவை எவனாலும் ஹேக் பண்ணமுடியாது.

2025 ஏப்ரலிலிருந்து, இங்கே விற்கிற கேமராக்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புச் சோதனை முடித்திருக்கவேண்டும் என்ற விதி வந்துவிட்டது. சலுகை விலையில் வருவது பழைய சரக்கா என்று கேளுங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள், மாட்டியவர் கிளம்பிய அன்றே.

*

இந்த இடத்தில் நண்பர் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். எட்டாவது கேமரா, பின்பக்கம் பெண்கள் டிபன் பாக்ஸ் திறக்கும் இடத்துக்கு. மைக்கோடு. ‘‘அங்கதான் சார் எல்லாம் பேசிக்கறாங்க.’’

சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ பார்த்திருக்கிறீர்களா? 1936-ல் வந்த படம். தொழிற்சாலையில் போல்ட் முடுக்கி ஓய்ந்துபோன சாப்ளின், கழிப்பறைக்குள் போய் ஒரு சிகரெட் பற்றவைப்பார். சுவர் முழுக்க ஒரு திரை உயிர்பெறும். அதில் முதலாளியின் ராட்சச முகம்: போ, போய் வேலையைப் பார். தியேட்டரே சிரிக்கும். சி.சி.டி.வி. என்ற ஒன்று புழக்கத்தில் இல்லாத காலம் அது. 1942-ல் ஜெர்மனியில் வி-2 ராக்கெட் கிளம்புவதைத் தொலைவிலிருந்து பார்க்க வைத்ததைத்தான் முதல் மூடியசுற்று டெலிவிஷன் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மனிதன் பக்கத்தில் நிற்கமுடியாத இடத்தைப் பார்க்க வந்த கருவி. நிற்கக்கூடாத இடத்தையும் பார்க்கும் என்று ஆறு வருஷம் முன்னாலேயே ஒரு கோமாளி கண்டுபிடித்துவிட்டார். பார்க்கிற நமக்கு அது காமெடி. பார்க்கப்படுகிறவருக்கு?

தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கே 2021-ல் ஒரு சட்டத்திருத்தம் வேண்டியிருந்தது. கேரளாவுக்கு 2018-ல். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால்களுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப்போடத் தோன்றாத கடைகளிலும், கேமரா வாங்கிப்போடத் தோன்றியது. யார் எத்தனை நிமிஷம் சாய்ந்தார்கள் என்று எண்ணவும் அது பயன்படுகிறது. டாய்லெட், ட்ரயல் ரூம் போன்ற இடங்களில் படம்பிடித்தால் ஐ.டி. சட்டம் 66-இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. டிபன் சாப்பிடும் இடத்துக்கு அந்தப் பிரிவு வராது. அதனால் அது சரி என்று ஆகிவிடுமா? நீங்கள் ஏழு பேரைச் சந்தேகப்படுகிறீர்கள். அதில் ஆறு பேராவது நல்லவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஆறு பேரின் மத்தியானச் சோற்றுக்கு மேல் ஒரு மைக்கைத் தொங்கவிட்டால், அடுத்த மாதம் அவர்களில் யாரும் உங்கள் கடைச் சரக்கைத் தன் சரக்காக நினைத்துக் காவல்காக்கமாட்டார்கள்.

கேமரா பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஒரு மதிப்பீட்டில், கேமரா இருந்த இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். கார் நிறுத்துமிடங்களில் நல்ல பலன். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. சும்மா பதிவு செய்துகொண்டிருப்பதைவிட யாராவது கவனிக்கிற கேமராவே அதிகம் உதவுகிறது. ‘மூன்றாவது கண்’ என்று சென்னைப் போலீஸ் பிரசாரம் செய்தது. சரிதான். ஆனால் நெற்றிக்கண்ணை எந்நேரமும் திறந்து வைத்திருப்பதாகப் புராணத்திலும் இல்லை.

*

ஓர் உதாரணம் சொல்லி முடிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், செல்போன் கடை வைத்திருந்த ஒரு தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். தரையில் உருண்டு புரண்டதில் காயம் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. அந்தக் கடைப் பக்கத்தில் இருந்த ஒரு கேமராவின் பதிவு வெளியே வந்தது. அதில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை. யாரோ ஒரு வியாபாரி, ஏதோ ஒரு திருட்டுப் பயத்தில் மாட்டிவைத்த கேமரா.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உள்ளேயும் கேமரா இருந்தது. விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார்: டிஸ்க்கில் இடம் போதுமான அளவு இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் அன்றன்றே அழிந்துவிடும்படி செட் செய்யப்பட்டிருந்தது. டிஸ்க்கின் அளவு என்ன தெரியுமா? 1 டி.பி. நம் நண்பரின் கொட்டேஷனில் இருக்கிற அதே 1 டி.பி. அந்த டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டது.

அங்கே கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, கரன்ட் இருந்தது. சாட்சி மட்டும் இல்லை. என்ன பார்க்கவேண்டும், எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, அதை வைத்திருப்பவர். எத்தனை எம்.பி. என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அதுதான்.

நண்பரிடம் பழைய கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்து, அதன் பின்பக்கத்தில் கடையின் படத்தை வரையச் சொன்னேன். வாசல், கல்லா, கோடவுன் கதவு, பால் பவுடர் அடுக்கு, கடையின் நீளப் பார்வை. ஐந்து இடத்துக்குத்தான் அவரால் காரணம் சொல்லமுடிந்தது. ஐந்தே கேமரா. முழு 1080 பதிவு செய்கிற டி.வி.ஆர். சின்னக் கடைக்கு இது போதும், ஐ.பி. கேமராவுக்கெல்லாம் போகவேண்டியதில்லை. 4 டி.பி. டிஸ்க். மிச்சமான காசில் நாலு ஸ்டூல். கேமரா எங்கெங்கே இருக்கிறது, எதற்கு என்று ஏழு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடச் சொன்னேன். சொன்னாராம்.

போன வாரம் கடைக்குப் போனேன். பில் போடுகிற பெண் உட்கார்ந்திருந்தாள். ‘‘சரக்கு குறையறது நின்னுதா?’’ என்று கேட்டேன்.

‘‘குறைஞ்சிருக்கு, நிக்கலை. ஆனா வாரா வாரம் எண்றதால எங்க குறையுதுன்னு இப்ப பிடிபடுது சார்’’ என்றார். பிறகு கல்லாவை விட்டு இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, ‘‘பால் பவுடர்ல நாலு டப்பா எங்க வீட்டுக்குத்தான் போயிருக்கு. எங்கம்மா எடுத்துட்டுப் போனாங்க, நானே கோடவுன் கதவைத் திறந்துவிட்டிருக்கேன். பில் போடலை. கேமராவுல தெளிவா இருக்கு’’ என்றார்.

நல்ல லென்ஸ்.